மலசலகூடத்துக்குப் பின்னால் மூன்று பொடியன்கள், ஒரு சிகரெட்

வாசகர் கேள்வி

வலிகாமத்தில் இருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மூத்த மகனுக்கு 15 வயது. ஆண்கள் பாடசாலை ஒன்றில் தரம் 10 படிக்கிறான். போன மாதம் இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு, மலசலகூடத்துக்குப் பின்னால் இவனும் வேறு இரண்டு பேரும் ஒரே சிகரெட்டை மாறி மாறிப் பத்திக்கொண்டு நின்றபோது ஆசிரியர் ஒருவரிடம் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே பிரம்படி. மறுநாள் பெற்றோரை அழைத்து ஒரு கிழமை வகுப்புத் தடை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் விடுகைப் பத்திரத்தை நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். மாத முடிவில் பெற்றோர் திரும்பவும் போய் அதிபரைச் சந்திக்க வேண்டும்.

தகப்பன் லொறி ஓட்டுகிறவர். பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து சிகரெட் பத்துவது அவருடைய வழக்கம். அன்றிரவு மகனுக்குப் பூவரசந் தடியால் நல்ல அடி. அடித்து முடித்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாராம். தாய் பிறகு மகனின் புத்தகப் பையைக் கிளறியபோது கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு லைட்டர் இருந்தது. “ரியூசன் முடிந்து வரும்போது கொய்யா இலை சப்பிக்கொண்டு வருவான். வயிற்றுக்குச் சரியில்லையாக்கும் என்று நினைத்தேன்” என்று எழுதுகிறார். அவர் தையல் வேலைக்குப் போகிறவர். தடை விழுந்த கிழமை முழுவதும் மகன் பகலில் தனியாக வீட்டில் இருந்தான். வீட்டில் இருக்கவில்லை, ஒழுங்கை முடக்கில் உள்ள மதகில் பெரிய பொடியன்களோடு இருந்தான் என்று பிறகு அயலவர் சொல்லித் தெரிந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் நான்கு. பாடசாலைச் சுவரில் புகைத்தல் தடை என்று பெரிதாகப் பலகை இருந்தும் இது நடக்கிறது என்றால் அந்தத் தடையால் என்ன பிரயோசனம்? இன்னும் கண்டிப்பான ஒரு நகரப் பாடசாலைக்கு மாற்றிவிடலாமா? இது பொலிசுக்குப் போகுமா? கடைசியாக, கனடாவில் இருக்கும் தமையன் “இந்த வயதில் எல்லாரும் அடிக்கிறதுதான், விடு. பயமென்றால் வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறச் சொல்லு” என்கிறார், அதில் உண்மை உண்டா?

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்க ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதி, பிறகு கோடு போட்டு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினாலும் வாசிக்க முடிகிறது: “தடை போட்ட கிழமைதான் கூட அடிச்சிருப்பான் போல.” அதை வெட்டியிருக்கத் தேவையில்லை. நான்கு பக்கத்திலும் ஆகச் சரியான அவதானம் அதுதான்.

பலகையும் தடையும் ஒன்றா?

புகைத்தல் தடையால் பிரயோசனம் இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். 1996 இல் அமெரிக்காவில் 17,287 உயர்நிலைப் பாடசாலை மாணவர்களிடம் இதே விடயத்தை விசாரித்து, முடிவுகளை 2000 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பாடசாலையில் தடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அவர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள்: “உங்கள் பாடசாலையில் அந்த விதியை எத்தனை பேர் மதிக்கிறார்கள்?” அநேகமாக எல்லோரும் மதிக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொன்ன பாடசாலைகளில்தான் புகைப்போர் குறைவாக இருந்தார்கள். விதி இருக்கிறது, ஆனால் யாரும் கணக்கெடுப்பதில்லை என்ற இடங்களில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை.

வேல்ஸ் நாட்டில் 55 பாடசாலைகளில் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் செய்து அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு இதை இன்னொரு பக்கத்தால் காட்டியது. மாணவர், ஆசிரியர், மற்றப் பெரியவர் எல்லோருக்கும் எழுத்தில் விதி வைத்து, மாணவரோ ஆசிரியரோ வளவுக்குள் எங்கேயும் புகைக்கக் கூடாது என்றிருந்த பாடசாலைகளில் நாளாந்தம் புகைப்பதாகச் சொன்ன மாணவர் 9.5 வீதம். மாணவர் பற்றியோ ஆசிரியர் பற்றியோ எந்த விதியும் இல்லாத பாடசாலைகளில் 30.1 வீதம். அரைகுறை விதி வைத்திருந்த இடங்கள் நடுவில், 21 வீதம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தடை போட்டால் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பிவிடாதீர்கள். ஒரு காலத்தில் எடுத்த ஒரு படம்தான் இது. புகைக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே குறைவாக உள்ள பாடசாலையில் விதியை எல்லோரும் மதிப்பது சுலபம்தானே? விதியால் புகை குறைந்ததா, புகை குறைவாக இருந்ததால் விதி நின்றதா என்பதை இப்படியான ஆய்வு பிரித்துக் காட்டாது. ஆனாலும் இரண்டு நாட்டிலும் ஒரே திசையில் விரல் நீட்டுகிறது. சுவரில் உள்ள எழுத்தைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை, சுற்றி நிற்கிற ஆட்களைத்தான் வாசிக்கிறார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒன்றை இங்கே எடுக்கிறேன். இடைவேளையில் ஓர் ஆசிரியர் வாசலுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் நின்று புகைப்பதை மகனே உங்களுக்குச் சொல்லியிருக்கிறான். சட்டப்படி அவர் வளவுக்கு வெளியேதான் நிற்கிறார், குற்றமில்லை என்று வாதாடலாம். ஆனால் கேற்றடியில் வரிசையில் நிற்கும் பொடியனுக்கு அந்தப் பத்து அடித் தூரம் ஒரு தூரமே இல்லை. உங்கள் பாடசாலையில் இருப்பது அரைத் தடை.

வகுப்புத் தடை யாருக்குத் தண்டனை?

பிள்ளையைப் பிடித்தவுடன் வீட்டுக்கு அனுப்புவதுதான் கண்டிப்பு என்று பாடசாலை நினைக்கிறது, நீங்களும் அப்படித்தான் நினைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். விதியை எல்லோரும் மதிக்கும்படி செய்வது வேறு, மீறியவனை வெளியே தள்ளுவது வேறு. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலும் அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்திலும் பிள்ளைகளை ஆண்டுகணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், வகுப்புத் தடை பெற்ற பிள்ளைகள் ஒரு வருடம் கழித்துப் புகையிலை பாவிப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. காரணம் தேட அவுஸ்திரேலியா போகத் தேவையில்லை, உங்கள் ஒழுங்கை முடக்கு மதகுக்குப் போனாலே காணும். காலை ஏழரைக்கும் பின்னேரம் ஒன்றரைக்கும் இடையில் ஒரு 15 வயதுப் பொடியன் ஓரளவுக்காவது பெரியவர்களின் கண்ணுக்குள் இருக்கும் இடம் பாடசாலை. அந்த நேரத்தைப் பறித்து, நாள் முழுக்க வேலையில்லாமல் மதகில் இருக்கும் 20 வயதுக்காரரிடம் அவனை ஒப்படைத்திருக்கிறோம்.

பிரம்படி பற்றி “நல்லதுக்குத்தானே அடிச்சவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபம் அனுப்பியிருக்கிறது. இதை வைத்து ஆசிரியரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பிடித்தவர் கவனமுள்ள ஆசிரியர், வேறொருவர் என்றால் காணாததுபோலப் போயிருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடித்ததால் அவன் விட்டுவிடுவான் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அடி வாங்கிய பிள்ளை அநேகமாகக் கற்றுக்கொள்வது இன்னும் நல்ல ஒளிப்பிடத்தைத்தான். கொய்யா இலை ஏற்கெனவே அந்தப் படிப்பின் முதல் பாடம்.

மாத முடிவில் அதிபரிடம் என்ன கேட்பது?

கணவர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள். மன்னிப்புக் கேட்பதோடு எழும்பி வந்துவிடாதீர்கள். மகன் செய்தது பிழை, விதி சரியானது என்று முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மிச்சத்தைக் கேட்க அவருக்கு மனம் வரும். பிறகு மெதுவாக, அடுத்த முறை ஏதும் நடந்தால் வெளியே அனுப்பாமல் பாடசாலைக்குள்ளேயே வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேளுங்கள். இடைவேளையில் வகுப்பாசிரியரோடு நூலகத்தில் இருக்க விடலாம், பாடசாலை முடிந்து அரை மணி நேரம் தோட்ட வேலை கொடுக்கலாம், ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கிழமைக்கு ஒருக்கால் அனுப்பலாம். ஒழுக்காற்று வேறு, ஆலோசனை வேறு. இரண்டையும் ஒரே ஆசிரியரிடம் கொடுத்தால் பிள்ளை வாயே திறக்காது.

கடைசியாக, கொஞ்சம் துணிவு வேண்டியது: வாசல் கடை. ஆசிரியரின் பெயர் சொல்ல வேண்டாம். “சேர், பெரியாக்கள் வாசலடியில பத்துறதைப் பிள்ளைகள் காணுதுகள்” என்று மட்டும் சொல்லுங்கள். யார் என்று அவருக்குத் தெரியும்.

விடுகைப் பத்திரக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திருப்பது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. இலங்கையில் 16 வயது வரை கட்டாயக் கல்வி, உங்கள் மகனுக்கு 15. பாடசாலை நீக்குவதும் பெற்றோர் தாமாகக் கேட்டு விலகுவதும் காகிதத்தில் வேறு வேறாகத்தான் நிற்கும். இரண்டாவது நடந்தால் பிறகு முறையிட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இனிமேல் அவசரத்தில் எதிலும் ஒப்பமிடாதீர்கள். வற்புறுத்தினால் உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகமும் பாடசாலை தொடர்பான முறைப்பாடுகளை எடுக்கிறது. அங்கே போகவேண்டி வராது என்றே நினைக்கிறேன்.

பாடசாலையை மாற்றுவதா?

வேண்டாம். தரம் 10 நடுவில், சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் சொச்சம் இருக்கும்போது மாற்றினால் பாடங்கள் குழம்பும், சிநேகிதமும் அறும். புதிய இடத்தில் ஒரு பொடியனுக்கு முதலில் கிடைக்கும் சிநேகிதர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே கூட்டமாக உள்ள நல்ல பிள்ளைகள் கதவைத் திறக்க நாளாகும். மலசலகூடத்துக்குப் பின்னால் நிற்பவர்கள் முதல் நாளே இடம் கொடுப்பார்கள். கண்டிப்பான பாடசாலை என்று பேரெடுத்த இடத்திலும் மலசலகூடத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும்.

பொலிசும் கடையும்

பொலிஸ் பயத்தை விடுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கம், 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. கவனியுங்கள், 18 இல்லை, 21. அந்தப் பிரிவு பிடிப்பது விற்றவரை, வாங்கிய பிள்ளையை இல்லை. கல்வி நிறுவனங்கள் உள்ளிட்ட மூடிய பொது இடங்களில் புகைப்பதும் அதே சட்டத்தில் குற்றம்தான். ஆனால் பாடசாலைக்குள் பிடிபட்ட 15 வயதுப் பிள்ளையின் விடயம் அதிபரின் மேசையில் முடியவேண்டியது, முடிந்தும் விட்டது.

அப்படியென்றால் சட்டத்தின் கை போகவேண்டிய இடம் எது? ஒரு சிகரெட் நூறு ரூபாவைத் தாண்டிவிட்ட காலத்தில் மூன்று பொடியன்கள் காசு சேர்த்து ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பெட்டி வாங்க அவர்களிடம் வக்கில்லை. யாரோ ஒரு கடைக்காரர் பெட்டியை உடைத்து, சீருடையில் நின்ற பிள்ளையிடம் ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார். கடை எது என்று உங்களுக்குத் தெரியும், “சொந்தக்காரர், எப்படிச் சொல்வது” என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர் என்றால் முதலில் நேரே போய்க் கதையுங்கள், மற்ற இரண்டு தாய்மாரையும் கூட்டிக்கொண்டு. மூன்று தாய்மார் கடை வாசலில் ஒன்றாக நின்றால் அது தனிப் பேச்சு. கேட்காவிட்டால் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கதைத்து, சிகரெட் விற்பதைக் கடைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திய சந்திகள் பல உண்டு. வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் இன்றும் கடை நடத்துகிறார்கள்.

விறாந்தை

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முதல் கேள்வி.

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு பாடசாலையை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற விதி உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் கடந்த 30 நாளில் புகைத்திருப்பதற்கான சாத்தியம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பாடசாலைத் தடைக்குப் பலம் வர எல்லோரும் மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. வீட்டு விதிக்குப் பெரிய நிபந்தனை இருக்கவில்லை. இன்னும் முக்கியமாக, பெற்றோர் புகைப்பவர்களாக இருந்த வீடுகளிலும் இது தெரிந்தது. அதாவது உங்கள் கணவர் இன்றைக்கே சிகரெட்டை விட்டால்தான் மகனுக்கு ஏதும் சொல்லலாம் என்றில்லை. அவர் விடும்வரைக்கும் காத்திருக்காமல் வீட்டுக்கு ஒரு விதி வைக்கலாம்.

விதி ஒரு வரிதான்: படலைக்கு உள்ளே யாரும் பத்துவதில்லை. யாரும் என்றால் யாரும். உங்கள் கணவர், அவருடைய லொறிச் சிநேகிதர்கள், சுருட்டோடு வரும் பெரிய மாமா, வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர் எல்லோருக்கும் சேர்த்து. விறாந்தையில் இருக்கும் சாம்பல் தட்டை எடுத்துவிடுங்கள். மேசையில் லைட்டரும் பெட்டியும் கிடக்கக் கூடாது. வீட்டில் ஒரு பெட்டி திறந்து கிடந்தால் அதில் ஒன்று குறைவதை யார் எண்ணுகிறார்கள்? கொம்பாஸ் பெட்டியில் இருந்த லைட்டர் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. அது உங்கள் கணவருடையதா என்று ஒருக்கால் பாருங்கள்.

உங்கள் மாமனார் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர், “புகையிலைதான் எங்களுக்குச் சோறு போட்டது” என்பார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை. குடாநாட்டுச் செம்மண்ணில் விளைந்த புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிப் போனது. அந்தக் காசில் கட்டிய கல்வீடுகளும் படித்து உத்தியோகம் பார்த்த பிள்ளைகளும் எங்கள் ஊர்களில் ஏராளம். புகையிலையை நஞ்சு என்று ஒரே சொல்லில் தூக்கி எறிந்தால் அந்த மனிதருக்கு அவருடைய உழைப்பையே திட்டியதுபோலத்தான் படும். அவரிடம் ஆராய்ச்சி பேசாதீர்கள். “மாமா, தம்பி சோதனை எழுதி முடியுமட்டும் படலைக்கு வெளியில” என்று கேளுங்கள். பேரனுக்காகக் கேட்டால் கிழவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

கணவர்தான் கஷ்டம். இரவில் லொறி ஓட்டும்போது நித்திரை வராமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிட்டு வெளியே போய்ப் பற்றவைத்ததைப் பெரிய குற்றமாக எழுதுகிறீர்கள், எனக்கு அது வேறு விதமாகவும் தெரிகிறது. அந்த மனிதருக்கு அன்றிரவு கை நடுங்கியிருக்கும். தான் தொடங்கியதும் இப்படித்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சண்டை பிடிக்காமல் ஒரு நாள் சாப்பாடு போட்டுவிட்டு, “இஞ்சேருங்கோ, நீங்கள் எத்தினை வயதில தொடங்கினீங்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் தன் கதையை, விட முயன்று தோற்ற கதை உட்பட, மகனுக்குத் தானே சொன்னால் பூவரசந் தடியைவிட அது ஆழமாகப் போகும். “அப்பா பத்தலாம், நான் பத்தக் கூடாதா?” என்று மகன் கேட்டே தீருவான். “அப்பாவால விட முடியேல்லை, அதுதான் உன்னைத் தொட வேண்டாமெண்டுறன்” என்பதைவிட நேர்மையான பதில் அவரிடம் இருக்காது.

தமையனின் ஆலோசனை

எல்லாரும் அடிக்கிறதுதான் என்பது இலங்கைக்குப் பொருந்தாது. பாடசாலைகளில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கெடுப்புகளில் சிகரெட் புகைப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. உங்கள் மகனுக்கு அப்படித் தோன்றாது, அவன் நிற்கும் மூன்று பேரில் மூன்று பேரும் அடிக்கிறார்கள். இதை அவனுக்குச் சொல்லுங்கள், மற்றவர்கள் எல்லாம் செய்கிறார்கள் என்ற நினைப்பு இந்த வயதில் பெரிய உந்துதல்.

வேப் வேண்டவே வேண்டாம். கனடாவிலும் அதைப் பிள்ளைகளுக்கு விற்க முடியாது. பல வருடம் புகைத்த ஒரு பெரியவர் சிகரெட்டை விட்டு அதற்கு மாறுவது ஒரு கதை, கிழமைக்கு இரண்டு மூன்று பத்தும் பிள்ளைக்கு நிக்கொற்றீனை இன்னும் வாசமாகக் கொடுப்பது வேறு கதை. தமையனுக்கு நன்றி சொல்லி, பொதியில் அப்படி ஒன்றும் போடவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மகனுக்கு ஏற்கெனவே பழக்கமாகிவிட்டதா?

“நாளுக்கு ஒன்றுகூட இல்லை, அதனால் அடிமையாகவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்த வேண்டும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கண்டது, நாளாந்தம் புகைக்கத் தொடங்க முன்பே, சிலருக்கு முதல் சில கிழமைகளுக்குள்ளேயே, அடிமைப்படுதலின் அறிகுறிகள் வந்துவிடுகின்றன. அதே ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் கேட்கப் பத்துக் கேள்விகள் வகுத்தார்கள். விட நினைத்து விட முடியாமல் போனதா, அந்தரமாக ஆசை வருமா, இல்லாவிட்டால் எரிச்சல் வருமா என்று போகும் அந்த வரிசையில் ஒன்று என்னை எப்போதும் யோசிக்க வைக்கும்: பாடசாலைபோலப் புகைக்கக் கூடாத இடங்களில் புகைக்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறதா?

மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல் பின்னால் நின்றவனிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிநேகிதர் கூப்பிட்டதால் போனானா, பாடசாலை முடியும்வரை பொறுக்க முடியாமல் போனானா? முதலாவது என்றால் ஆட்களையும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றினால் போதும்: ரியூசன் முடியும் நேரத்தில் விளையாட்டு, கைச்செலவுக் காசில் ஒரு கணக்கு. இரண்டாவது என்றால் அவனுக்கு உதவி தேவை. விடும்போது முதல் மூன்று நாள் எரிச்சலும் அந்தரமும் கூடுதலாக இருக்கும், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் படிப்படியாக அடங்கும். அந்த நாட்களில் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு இருந்தால் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் யாரோ சொன்னார் என்று நிக்கொற்றீன் சுவிங்கம் எதுவும் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

கதைக்கும்போது எதிரே இருத்தி விசாரிக்காதீர்கள். கறிக்கு மரக்கறி வெட்டும்போதோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதோ பக்கத்தில் நின்று கேளுங்கள், முகம் பார்க்காமல் இருந்தால் இந்த வயதுப் பிள்ளைக்கு வாய் திறப்பது சுகம். “எத்தினை அடிச்சனி?” என்பதற்குப் பொய்தான் வரும். “அண்டைக்கு மணி அடிச்ச பிறகும் ஏன் தம்பி நிண்டனீ?” என்பதற்கு ஏதாவது பதில் வரும். புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சிகரெட் பெட்டியில் 80 வீத இடத்தை அந்தப் படம்தான் பிடித்திருக்கிறது, அவன் தினமும் காண்கிறான். நாற்பது வருடம் கழித்து வரப்போகும் நோயைவிடப் பந்து விளையாடும்போது மூச்சு வாங்குவதும் மாதக் கடைசியில் காசு இல்லாமல் போவதும் அவனுக்குக் கிட்ட உள்ள விடயங்கள்.

உதவி தேவை என்று தோன்றினால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், அல்லது யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். பைத்தியம் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள். புகைத்தலை விடுவதற்கென்று 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கணவருக்கும் அந்த இலக்கம் உதவும். என்னிடம் கூட்டிவருவதானால் தரதரவென்று இழுத்து வர வேண்டாம். பாடசாலை முடிந்து அவனே சைக்கிளில் வரட்டும், நீங்கள் பிறகு பஸ்ஸில் வந்து சேருங்கள். முதல் அரை மணி நேரம் அவனோடு நான் தனியாகக் கதைக்க வேண்டும். அவன் சொல்வதில் எதை உங்களுக்குச் சொல்லலாம் என்று அவனிடமே கேட்டுத்தான் சொல்வேன், அதற்கு இப்போதே சம்மதித்துக்கொள்ளுங்கள்.